மச்சினனுக்கு வெச்ச முட்டை

"சாப்பிட்டேங்கறேன்ல! ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் கொள்ளுச் சுண்டல், எல்லாம் உள்ள போயாச்சு. நம்பிக்கை இல்லைன்னா தட்டைப் பாரு."

சென்னம்மாள் தட்டைப் பாத்தாள். பளபளன்னு இருந்துச்சு. மனுசன் நாக்குக்கு அந்தப் பளபளப்பு வராது. வாசல்ல படுத்திருந்த நாயைப் பாத்தாள். அது ஒரு ஏப்பம் விட்டுச்சு.

சண்டை போடாம தட்டை எடுத்துட்டு உள்ள போனாள். புருசன் சின்னுசாமி அங்கயே உசாராகியிருக்கணும். ஆகலை.

விசயம் இதுதான். சின்னுசாமிக்குச் சர்க்கரை. உடம்பும் கனம். நாமக்கல் டாக்டர் வாரம் ஒரு ஊசின்னு எழுதிக் குடுத்தாரு. ஊசி போட்டதும் பசிங்கறது மலையோட அத்தனை கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கே இறங்கிப் போயிருச்சு. மலை ஆஸ்பத்திரி சிஸ்டர் ஜெனிபர் படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு.

"ஐயா, பசிக்கலைன்னு பட்டினி கிடக்காதீங்க. கொழுப்போட சேந்து சதையும் கரைஞ்சுரும். முட்டை, பருப்பு, சுண்டல்னு கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்பிடுங்க. தண்ணி மறக்காதீங்க."

சின்னுசாமி தலையாட்டினாரு. மனசுக்குள்ள வேற கணக்கு. மிளகு பறிக்கிற காலம் வருது. மரத்துல ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்தி உச்சிக்கொடி வரைக்கும் ஏறணும். ஆள் எவ்வளவு லேசோ, ஏணிக்கு அவ்வளவு நல்லது. ஊசியும் போட்டுச் சோத்தையும் விட்டுட்டா, ஏறவே வேண்டாம், பறந்துரலாம்!

பறக்கலை. ஒரு நாள் ஏறிப் பாத்தப்ப, பாதி ஏணிக்கு மேல காலே எழும்பலை. மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

"ஏனுங்க, மரத்துக்கிட்ட என்ன ரகசியம்?" கீழ இருந்து சென்னம்மாள் கேட்டாள்.

"கொடியில பூச்சி இருக்குதான்னு பாக்கறேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

இறங்கினதும் தீர்ப்பு வந்துச்சு.

"அடுத்த மாசம் சிஸ்டர் பாத்து, உடம்புல பலம் இருக்குதுன்னு சொன்னா நீங்க ஏறுங்க. இல்லைன்னா என் தம்பி சந்தோஷ்குமார் ஏறட்டும்."

சந்தோஷ்குமாரா! போன வருசம் ஒரு பொழுது ஏறிட்டு, பேளுக்குறிச்சி சந்தை முழுக்க "மச்சானுக்கு வயசாயிருச்சு, நான்தான் ஏறுனேன்"னு சொல்லிட்டுத் திரிஞ்சவன்!

மறுநாள் அடுப்படிப் பலகை மேல ஒரு தூக்குப்போசி மூடி போட்டு உக்காந்திருந்துச்சு.

"அதைத் தொடாதீங்க. தம்பி வர்றான். மரம் ஏறப்போற ஆளு, தெம்பாத் திங்கணும். முட்டையும் சுண்டலும் அவனுக்கு."

"எனக்கு?"

"உங்களுக்குத்தான் பசியே இல்லீங்களே."

சின்னுசாமிக்கு வயிறு எரிஞ்சுது. பசியில இல்லை.

அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனதும் ஒரு முட்டை. அதுக்கு மேல இறங்கலை, ஊசி அப்படி. துணி துவைக்கப் போனப்ப ஒரு கை சுண்டல். விறகு பொறுக்கப் போனப்ப இன்னொரு கை. திருட்டுச் சுண்டல் தொண்டையை அடைக்குது, அதனால சொம்பு சொம்பாத் தண்ணி. சென்னம்மாளும் பொழுதுக்கும் வெளிய போயிட்டே இருந்தாள். போறப்பல்லாம் "நான் போறேனுங்க"ன்னு தோட்டத்துக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போனாள். போசி தினமும் காலியாச்சு, தினமும் நிறைஞ்சுது. தம்பி வர்றது மட்டும் தினமும் "நாளைக்கு"ன்னே இருந்துச்சு. நாய்தான் பாவம், இளைச்சுப் போச்சு.

அடுத்த மாசம் சிஸ்டர் நாற்காலியைப் போட்டுச்சு. "கையை ஊணாம எந்திரிங்க." எந்திரிச்சாரு. "என் கையை இறுக்கிப் புடிங்க." புடிச்சாரு.

"ஐயோ, விடுங்கய்யா! சர்க்கரையும் குறைஞ்சிருக்கு, பலமும் வந்திருக்கு. நான் சொன்னபடியே சாப்பிட்டிருக்கீங்க!"

ஊடு வந்து சேர்ற வரைக்கும் சின்னுசாமிக்குப் பெருமை தாங்கலை. ஏணியைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டுத்தான் பேச்சையே எடுத்தாரு.

"ஏம்புள்ள, உன் தம்பிக்கு வெச்சதையெல்லாம் யாரு தின்னதுன்னு நினைச்ச? நான்தான்! ஒரு முட்டைகூட அவன் வாய்க்குப் போகலை!"

"எப்படிங்க போகும்? அவன் திருப்பூர்ல இருக்கான். இந்த வருசம் லீவே இல்லைன்னு மிளகு பூ விட்டப்பவே சொல்லிட்டான்."

சொல்லிட்டு உள்ள போயிட்டாள். சின்னுசாமி நாயைப் பாத்தாரு. நாய் வேற பக்கம் பாத்துச்சு. சரி, மரமாவது மதிக்கும்னு தோட்டத்துப் பக்கம் ரெண்டு எட்டு வெச்சாரு.

அடுப்படியில இருந்து குரல் வந்துச்சு.

"ஏனுங்க! போசி நிறைஞ்சிருச்சு. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன், வந்து திருடிட்டுப் போங்க!"

ஏணியைச் செவுத்துல சாத்திட்டுத் திருடப் போனாரு.