சம்பந்தியின் காரும் நூர்பர்க் வளைவும்

பிரேமனில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி ரைன்ஹோல்ட் அவர்களுக்கு (இன்னும் அப்படி அழைக்கலாமா, தெரியவில்லை), அடெனாவிலிருந்து அல்வின் லென்ஸன் தலைகுனிந்து எழுதுவது. இங்கே மழை. அங்கே உங்கள் கழுத்து வலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். கல்யாணம் பேச வந்தவரை எங்கள் நூர்பர்க் கார் பந்தயப் பாதையில் ஒரு சுற்று அழைத்துப் போகாவிட்டால், எங்கள் ஊரில் காபி கொடுக்காமல் அனுப்பியதற்குச் சமம். டிக்கெட் வாங்கினால் யாரும் சொந்தக் காரில் போகலாம். நீங்களோ, "மியூசியம் பாத்தாச்சு, பழைய பந்தயக் கார் பக்கத்துல போட்டோவும் எடுத்தாச்சு, போதும் சம்பந்தி" என்று கெஞ்சினீர்கள். கேட்டேனா? என் காரில் நாய் முடி என்று உங்கள் புதுக் காரை எடுத்து, நீங்கள் பீர் குடித்திருந்ததால் நானே ஓட்டி, புறப்படும்போது வெயில், காட்டுக்கு அப்பால் மழை, இது எங்கள் மலையின் குணம், தெரிந்தும் மிதித்தேன், கார் பம்பரமாகச் சுழன்று தடுப்பில் சாய்ந்தது. அதுவும் ஊரே மடக்கு நாற்காலி போட்டு, சுட்ட சாசேஜும் பீருமாக உட்கார்ந்திருக்கும் வளைவில்! அவர்கள் கைதட்டியது கேலி இல்லை. யார் மோதினாலும், ஆளுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் தட்டுவார்கள். "என்னப்பா அல்வின், இந்த வருஷமும் நீதானா!" என்று கத்தியவர் எங்கள் பாதிரியார். மன்னித்துவிடுங்கள்.

"உங்க வீட்டுல சம்பந்தம் வெச்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள். என் மகள் பிரிட்டா தாயில்லாப் பெண். "என் கல்யாணத்தைவிட அந்தச் சுத்துதான் பெருசாப்பா?" என்று கேட்டுவிட்டு மாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மேலே அவள் அழுகிறாள், கீழே நான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். பந்தயப் பாதையின் வருடப் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். என் மேலுள்ள கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டாதீர்கள். அவளைத் தேற்றுவதற்கென்று தங்கிவிட்ட உங்கள் மனைவி வீப்கே அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

உங்கள் மகன் யோர்ன் மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். உங்கள் குடும்பம் நூறாண்டு, எந்தத் தடுப்பிலும் இடிக்காமல் வாழ்க.

தங்கள் வருத்தமுள்ள,
அல்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது வீப்கே அம்மா வந்து, "ஒரே ஒரு சுத்து, நானே ஓட்டுறேன்" என்றார். விருந்தாளி கேட்டால் மறுக்க முடியுமா? என் காரில்தான் போனோம், பிரிட்டாவும் பின்னால் ஏறிக்கொண்டாள். ஞாயிறுக்குப் பிறகு இன்றுதான் என் மகள் சிரித்தாள். கல்யாணம் குறித்த நாளில் நடக்கும், பாதைக்கு எதிரே உள்ள ஓட்டல் மண்டபத்தில் என்று அம்மா முடிவு செய்துவிட்டார். நீங்கள் அவசியம் வர வேண்டும். ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துவர மட்டும் என்னால் முடியாது. என் காரும் பட்டறையில் உங்கள் கார் பக்கத்தில்தான் நிற்கிறது.