அத்தானுக்கு நான் வாங்கிய பேஞ்சோ

ஒரு பொருளின் பெயர் தெரிந்துவிட்டாலே அந்தப் பொருளும் தெரியும் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கை என்னைக் கவிழ்த்தது அக்காவின் முதல் வருஷத் திதியன்று.

ராஜபாளையத்தில் மில் எலெக்ட்ரீஷியனாக இருந்த என் அத்தான், பஜனைக் குழுவில் பேஞ்சோ வாசிப்பவர். நீளப் பெட்டி மாதிரி இருக்கும். இடது கையால் டைப்ரைட்டர் போலக் கட்டைகளைத் தட்டி, வலது கையால் தந்தியை மீட்ட வேண்டும். அக்கா அடுப்படியில் இருந்தபடியே, "அந்த இடம் தப்பு" என்பாள். (பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.) அவள் போனபோது அத்தான் யாரையும் கேட்காமல் அந்தப் பெட்டியைப் பாடையில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டார். அதுவும் எரிந்தது. அதன்பிறகு அவர் பேச்சும் நின்றுபோனது. சோறு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

எப்படியாவது அவரை மறுபடி வாசிக்க வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். போனில் 'பேஞ்சோ' என்று தட்டினேன். வந்த படத்தில் வட்டமாக ஒன்று இருந்தது. புது மாடல் போல என்று நினைத்து ஆர்டர் போட்டுவிட்டேன். (கட்டைகள் அடிப்பக்கம் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் மூளை அப்படி.)

பார்சலைப் பிரிக்காமலே ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். படையல் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, அத்தான் முன்னால் பிரித்தேன்.

தளவாய்புரத்துப் பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஏலே, என்னது இது? சல்லடைக்குக் காம்பு போட்டுக் கொண்டாந்திருக்க?"

"பேஞ்சோ, பெரியம்மா."

"இதுவா?"

மானத்தைக் காப்பாற்ற, போனைப் பார்த்து வரலாறு படிக்க ஆரம்பித்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், போன இடத்தில் சுரைக்குடுக்கையில் தோலைக் கட்டிச் செய்துகொண்டதுதான் அசல் பேஞ்சோவாம். பெயரும் அவர்கள் பேச்சிலிருந்து வந்திருக்கலாம். எந்தச் சொல் என்று நிச்சயமில்லையாம். நம் ஊர்ப் பெட்டிக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

அத்தான் நிமிர்ந்தார். "பொண்டாட்டி புள்ளையெல்லாம் விட்டுட்டுப் போனவுகளா மாப்ள?"

"விட்டுட்டுப் போகல அத்தான். பிரிச்சுக் கொண்டுபோயிட்டாக."

"அப்ப வாசிச்சிருப்பாக."

அதை மடியில் படுக்க வைத்தார். அவர் இடது கை, அதில் இல்லாத கட்டைகளைத் தேடியது. தந்தியை இறுக்கும் முறுக்காணியைத் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். "போதும் அத்தான்" என்று நான் குனியவும் தந்தி அறுந்து என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடி நேராகப் பாயாச வாளிக்குள் விழுந்தது.

பெரியம்மா சிரித்தாள். பிறகு எல்லோரும். அத்தானும் சிரித்தார். அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. சுடுகாட்டில்கூட அழாத மனுஷன். "அவ இருந்திருந்தா உன்னையக் கிழிச்சிருப்பா மாப்ள" என்று சொல்லிச் சொல்லி அழுதார். கண்ணாடி இல்லாததால் அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. நல்லதாகப் போயிற்று.

அத்தான் பிறகும் எதையும் வாசிக்கவில்லை. ஆனால் பேசுகிறார். போன மாதம் என் மகள் கல்யாணத்துக்கு மேளம் பேசக் கிளம்பினேன். சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "நீ இரு, நான் போறேன். நீ போனா எந்த நாட்டு மேளம் வருமோ!"

அன்று வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு அத்தானே அந்தப் பேஞ்சோ கதையைச் சொன்னார். பாயாச வாளியோடு நிறுத்திக்கொண்டார்.