அப்பாவின் தோள்

முதல் குண்டு இலக்கைப் போய்ச் சேருமுன்பே, காலித் தோட்டா பெரியவரின் இடது கன்னத்துக்கு வந்து சேர்ந்தது. சுடச்சுட.

அவர் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. பாட்டனார், தகப்பனார், அவர் என்று மூன்று தலைமுறையின் பெயர் பொறித்த கோப்பை எதிரே மேசைமேல் இருந்தது. பின்வரிசையில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. பக்கத்து மேடையில் சுடுபவரோ சம்பந்தி. சம்பந்தி காதில் "ஸ்" விழுந்தால் குடும்ப மானம் என்னாவது?

துப்பாக்கிச் சங்கம் இந்த வருடம் எல்லோருக்கும் புது மாதிரித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டது. புல்பப் என்று பெயர். விசை முன்னால், தோட்டா அடைத்த மேகசின் பின்னால், ஆள் குட்டை. காலித் தோட்டா வெளியே தெறிக்கும் துவாரம் வலப்பக்கத்தில். இடது தோளில் வைத்துச் சுடுபவருக்கு அது நேராகக் கன்னத்தில்தான்.

"ஐயா, வலது தோளுக்கு மாத்திக்குங்க," என்று கெஞ்சினார் சங்கத்து மெக்கானிக். "இது இடது தோளுக்குச் செஞ்சதே இல்ல."

"எங்க அப்பா இடது தோள்ல சுட்டவர். நேத்து வந்த துப்பாக்கிக்காக வம்சத்தை மாத்தச் சொல்றியாப்பா?"

கன்னத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். இரண்டாவது தோட்டா கைக்குட்டையில் முட்டி, காலருக்குள் நழுவி, இடுப்புவரை நிதானமாக இறங்கியது. பெரியவர் நெளிந்தார்.

"என்ன சம்பந்தி, டான்ஸா?"

"மூச்சுப் பயிற்சி."

மூன்றாவதற்குத் தலையை ஒதுக்கி வைத்துக்கொண்டார். தோட்டா காதோரமாகப் பறந்துவிட்டது. ஆனால் குறியும் கண்ணை விட்டுப் போய்விட்டது. விசை வேறு, ஈரத் துணியைப் பிழிவதுபோல் கொழகொழவென்று போய், எதிர்பாராத நொடியில் வெடித்தது. குண்டு அட்டையின் நட்டநடுவில் துளைத்தது. சம்பந்தியின் அட்டையில்.

"எந்த அட்டையில விழுதோ அவங்களுக்குத்தான் பாயிண்ட்," என்றார் நடுவர்.

"பொண்ணையும் குடுத்தீங்க, இப்போ பத்துப் பாயிண்டும் குடுக்கிறீங்க!" என்று சம்பந்தி உருகினார்.

மேகசின் மாற்றும் நேரம் வந்தது. பழைய துப்பாக்கியில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார். இதிலோ அது அக்குளுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது. தடவித் தடவி, கடைசியில் சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். துப்பாக்கியை இறக்கி, குனிந்து பார்த்து, மாட்டி நிமிர்ந்தபோது அரை நிமிடமே மிச்சம்.

"இப்பவாவது மாத்துங்கய்யா," மெக்கானிக் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "அஞ்சே குண்டு. வலது தோள்ல ஜெயிச்சிடலாம்."

பெரியவர் கோப்பையைப் பார்த்தார். துப்பாக்கியை இடது தோளில் பதித்தார், கன்னத்தையும் பதித்தார். ஐந்து குண்டு. ஐந்து சூடு. ஒரு "ஸ்" இல்லை.

எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

சம்பந்தி கோப்பையை வாங்கியபோது முதலில் கைதட்டியவர் பெரியவர்தான். பிறகு குடும்பத்தின் முன்னால் வந்து, கன்னம் நிறையக் கொப்புளங்களோடு நிமிர்ந்து நின்றார்.

"கோப்பை போனா போகட்டும். அப்பாவோட தோளை நான் விட்டுக்கொடுக்கல."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவருடைய அப்பாவின் தங்கை, எண்பது வயது அத்தை மட்டும் அவர் கன்னத்தில் மருந்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"அட அசடே, அண்ணன் ஆயுசுக்கும் வலது தோள்லதான்டா சுட்டாரு, நீ ஏழு வயசுல பாத்தியே, அந்தக் கடைசிப் போட்டியன்னிக்கு மட்டும் அங்க ஒரு கட்டி!"