சத்தமே போடாத கார்டு

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும், உன் அத்தானும், என் மகளும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டுமென்று காலையில் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் நடுவிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைக்கப் பார்ப்பாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். போன மாதம் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "அக்கா, கிராபிக்ஸ் கார்டெல்லாம் உனக்குப் புரியாது. நான் அனுப்பின பேரைக் கடையில காட்டு. மூணு விசிறி வச்சது. வேற எதையும் பாக்காம அதையே வாங்கிடு" என்றாய். அதைப் புரிந்துகொண்டு, தேர்ந்தெடுத்து, வாங்கி, என் கையாலேயே கம்ப்யூட்டருக்குள் மாட்டி, இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், உன்னிடம் எனக்கென்ன மறைப்பு.

விஷயம் உனக்குப் பாதி தெரியும், முழுவதும் முறையாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் துணிக்கடை பில் கவுன்டரில் நாளுக்குப் பத்து மணி நேரம் நின்று கால் வீங்கி, அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அறைகளை வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். இன்னும் கட்டாத சமையலறையைக் கட்டி முடித்ததுபோலக் காட்டுவாள், அதற்குள் நாமே நடந்து போவதுபோலப் படமாக ஓட விடுவாள். அலமாரி செய்யும் கம்பெனியின் முதலாளியம்மா ஒருவர், "ஒரு நிமிஷப் படம் ஒண்ணு பண்ணிக் குடும்மா, நல்லா இருந்தா மாசா மாசம் வேலை தர்றேன்" என்று தேதியும் குறித்துவிட்டார். படம் தேறினால் வீட்டிலிருந்தே நிலையான வேலை, தேறாவிட்டால் மறுபடியும் பில் கவுன்டர். ஆனால் நம் கம்ப்யூட்டரோ, படத்தை உருவாக்கு என்று விட்டால் பாதி வழியில் பொட்டென்று அணைந்துவிடும். அணைவதற்கு முன்னால் அது போடுகிற இரைச்சல் இருக்கிறதே, அது தனிக் கதை. உன் அத்தான் ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் இரவெல்லாம் கண் விழித்துவிட்டு வந்து பகலில் தூங்குவதும் அதே அறையில்தான், மேசைக்கு மூன்றடி தள்ளி. இருப்பதே இரண்டு அறை. இவர் தூங்கினால் அவள் வேலை செய்ய முடியாது, அவள் வேலை செய்தால் இவர் தூங்க முடியாது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே இரண்டு பேரும் பாதி ஆளாகிவிட்டார்கள்.

ஆகவே, படம் உருவாக்கும் பாரத்தைத் தனியாகச் சுமக்க, இதுவரை அதில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்குவது என்று முடிவாகி, கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்குள் ஒரே பெயர், ஒரே எண், ஆனால் ஒன்பது பெட்டி, ஒன்பது விலை. கடைக்காரரைக் கேட்டேன். "உள்ள இருக்கிற சிப்பு எல்லாத்துலயும் ஒண்ணுதாம்மா. மேல போட்டிருக்கிற சட்டைதான் வேற வேற" என்றார். "சட்டைக்கா இவ்வளவு வித்தியாசம்?" என்றேன். "இதுல ரெண்டு விசிறி, இதுல மூணு. இது கம்பெனியிலயே வேகத்தை ஏத்தி விட்டது. இது வெள்ளை. இது கலர் கலரா மின்னும்." "இரும்புப் பெட்டிக்குள்ள வச்சு மூடப் போறோம், அது யாரைப் பாத்து மின்னப் போகுது?" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, நீங்க சீக்கிரம் கிளம்புற மாதிரித் தெரியல" என்றார்.

அன்றே என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டேன். நீளம், தடிமன், விசிறி, நினைவகம், சத்தம், உத்தரவாதம் என்று கட்டம் கட்டி நான்கு நாள் நிரப்பினேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் எண்கள் எல்லா ஊரிலும் எண்கள்தானே. ஒவ்வொரு கார்டும் வேலை செய்யும்போது என்ன சத்தம் போடுகிறது என்று யாரோ புண்ணியவான் பதிவு செய்து வீடியோவாகப் போட்டிருந்தார். ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். மகள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பிரார்த்தனையா?" என்றாள். "பேசாதே, ஆறாவது மாடல் போயிட்டிருக்கு" என்றேன்.

இப்போது நீ சொன்ன மூன்று விசிறி மாடலுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அதன் நீளம் முப்பத்து மூன்று சென்டிமீட்டர். நம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டேப் வைத்து அளந்தேன், இருக்கிற இடம் இருபத்தொன்பதரை. உன் பேச்சைக் கேட்டிருந்தால் பெட்டியின் முன்பக்கத்தை அறுக்க வேண்டி வந்து, கார்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதுபோலத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு இருந்திருக்கும். வேகத்தை ஏற்றிய மாடல், நூறு நிமிஷ வேலையைத் தொண்ணூற்றேழு நிமிஷத்தில் முடிக்குமாம். அந்த மூன்று நிமிஷத்துக்காக அது போடுகிற சத்தத்தில் உன் அத்தான் தூக்கத்தைக் கொடுக்க நான் தயாராக இல்லை. மின்னுகிறது வேண்டாம், தூங்குகிற அறையில் கல்யாண வீட்டு வெளிச்சம் எதற்கு. அடுத்து நினைவகம். எட்டு ஜி.பி.யா, பதினாறா? "எட்டே தாராளம்மா" என்றார் கடைக்காரர். நான் மகளைக் கேட்டேன். மரத்தின் ரேகை, கல்லின் புள்ளி, கண்ணாடியில் விழும் நிழல் எல்லாவற்றையும் அந்த நினைவகத்தில்தான் பரப்பி வைத்து வேலை செய்ய வேண்டுமாம். பரப்பி வைக்க இடமில்லாத மேடையில் இருபத்தாறு வருஷம் சமைத்தவளிடம் வந்து எட்டு போதும் என்றால் நடக்குமா? பதினாறுதான் என்றேன்.

இப்படிக் கழித்துக் கழித்து இரண்டு மாடல் மிஞ்சியது. மகள், "சாமி முன்னாடி சீட்டுப் போட்டுப் பாத்துடும்மா" என்றாள். "நாம படிச்சுப் பாக்கக்கூடியதைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் ஆண்டவன்கிட்ட போகணும், அவருக்கு இருக்கிற வேலை போதாதா" என்று சொல்லி, இரண்டு பெட்டியின் பின்பக்கத்தையும் மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒன்றில் மட்டும் கடைசி வரியில் இருந்தது, வேலை இல்லாதபோது இதன் விசிறிகள் தானாகவே நின்றுவிடும் என்று. அதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது, தம்பி. நம் வீட்டுக்கென்றே எழுதிய வரி. அதையே எடுத்தேன். கடைக்காரர் எழுந்து நின்று பெட்டியைக் கொடுத்தார். "அம்மா, அந்த நோட்டை ஒருநாள் குடுங்க, ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றேன்" என்று அவர் கேட்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மாட்டியதும் நான்தான். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வயருக்கும் ஒரு கலர் நூல் கட்டி, எது எங்கே இருந்தது என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டேன். திறந்து பார்த்தால் உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கிறது. அந்த அசிங்கத்துக்கு நடுவில் புதுப் பொருளை வைக்க எனக்கு மனம் வருமா? உன் அத்தானின் பழைய ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து, ஒரு மணி நேரம் மூலை முடுக்கெல்லாம் தட்டித் துடைத்து எடுத்தேன். அப்புறம் ஆண்டவனை நினைத்துக் கார்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தினேன், "டக்" என்று உட்கார்ந்தது. எல்லா வயரையும் நூல் கலர் பார்த்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே, ஒன்றுகூட இடம் மாறாமல் திரும்பச் செருகினேன். எதிலும் சேராமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்த தடி வயர் ஒன்றைக்கூட விடவில்லை, ரிப்பனால் கட்டி ஓரமாக ஒதுக்கிவைத்தேன். ஒரு திருகாணி மிஞ்சவில்லை. ஆன் செய்ததும் திரையில் ஒரு கட்டம் வந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. மகள் அவசரத்தில் இருந்தாள், கீழே "சரி" என்று இருந்ததை அழுத்தினாள், அதுவும் மரியாதையாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததை நீ நேரில் கேட்டிருக்க வேண்டும். கேட்க ஒன்றுமே இல்லை, அதுதான் விசேஷம்! முன்பு ஒரு தடவைகூடப் பாதியைத் தாண்டாத அதே படம், ஆறு மணி நேரம் பத்து நிமிஷத்தில், ஒரு முறையும் அணையாமல், முழுதாக உருவாகி முடிந்தது. உன் அத்தான் புரண்டுகூடப் படுக்கவில்லை. நான் பின்பக்க ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு விசிறியும் அசையாமல் நிற்கிறது. படம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது! அதாவது, நமக்கு மலையாகத் தெரிகிற வேலை அந்தக் கார்டுக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் விட்ட குழந்தை மாதிரி ஜில்லென்று இருக்கிறது. இருபத்திரண்டு நாளும் குறித்து வைத்திருக்கிறேன். சத்தம், இல்லை. சூடு, இல்லை. விசிறி, சுற்றவில்லை. ஒரு நாள்கூட மாற்றமில்லை.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது நானும் கூடப் போயிருந்தேன். திரையில் குழாயைத் திறந்து தண்ணீர் விழுகிற இடம் வந்ததும் முதலாளியம்மா, "அடிப் பாவி, நான் கையை நீட்டிட்டேன்டி" என்றார். உடனே அடுத்த மூன்று சமையலறைக்கான அளவுகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். பழைய துணிக்கடையில் என் மகளை மறுபடி கூப்பிட்டிருந்தார்கள் இல்லையா, அவர்களுக்கு "இப்ப நேரமில்லைங்க" என்று பதில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உன் ஆபீசுக்குப் பன்னிரண்டு கார்டு வாங்க வேண்டும், எந்த மாடல் என்று குழப்பம் என்றாயே. நான் எடுத்த மாடலின் பெயரைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மேலதிகாரி கேட்டால், இருபத்திரண்டு நாள் சோதித்துப் பார்த்து என் அக்கா சொன்னாள் என்று தைரியமாகச் சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆயிரம் முத்தம். உனக்கு நீண்ட ஆயுளையும், மற்றவர்களுக்கும் புரியும் என்று நம்புகிற மனசையும் ஆண்டவன் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மீது எப்போதும் பாசமுள்ள அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசையை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். இத்தனை பக்கம் எழுதியாயிற்று, கிழிக்க மனமில்லை, அதனால் மேலே படித்ததை இதோடு சேர்த்துப் படித்துக்கொள். தூசி தட்டலாமென்று இப்போதுதான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். உன் அத்தான் எழுந்து வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரிப்பன் கட்டியிருக்கிற வயர் எங்க போகணும்?" என்றார். "எங்கயும் போக வேண்டாம், அது முன்னாடியும் சும்மாதான் இருந்துச்சு" என்றேன். "முன்னாடி கார்டும் இல்லையே" என்றார். மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர், அதில் மூன்றை இப்படிச் செலவழிக்கிறார். பார்த்தால், அந்த வயர் செருகுவதற்கென்றே கார்டின் தலையில் ஒரு துளை, மூடிகூடக் கழற்றாமல் இருக்கிறது. அதுதான் கார்டுக்குக் கரண்டாம். திரையிலிருந்து வருகிற வயரையும் நான் நூல் கலர் பார்த்துப் பழைய துளையிலேயே செருகியிருக்கிறேன், அதையும் கார்டில்தான் செருக வேண்டுமாம். இருபத்திரண்டு நாளும் பழைய கம்ப்யூட்டரே எல்லா வேலையும் செய்ய, அந்தக் கார்டு உள்ளே விருந்தாளியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. மகள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், இன்னும் எழுந்திருக்கவில்லை. இரண்டு வயரையும் மாற்றினோம். உருவாக ஆறு மணி நேரம் பத்து நிமிஷம் எடுத்த படம் பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. விசிறி சுற்றியது. அதற்குள் மறுபடி படுத்த உன் அத்தானின் குறட்டை அதைவிட அதிகம், எனவே மாடல் விஷயத்தில் நான் தவறவில்லை என்று நோட்டில் எழுதிவிட்டேன். அப்படியானால் முதல் படத்தை அணையாமல் முடிக்க வைத்தது எது என்று கேட்பாய். உள்ளே இருந்த தூசியை எடுத்ததுதானாம், தூசி அடைத்துச் சூடேறித்தான் அது அணைந்துகொண்டிருந்ததாம். ஆகையால் அந்தத் தனித் தாளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உன் ஆபீசுக்கு முதலில் பன்னிரண்டு ஷேவிங் பிரஷ் வாங்கு. அதில் ஒரே மாடல்தான், என்னைக் கேட்க வேண்டியதில்லை.