பேயோட்டும் வைபவமும் பதினான்கு நாள் லீவும்

அச்சுவேலிக்குப் போகும் வழியில் உள்ள பிரதேச இணைப்பு அலுவலகத்தில், கடந்த ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, உத்தியோகத்தர் சிவகௌரி என்பவர் தமது மேசையிலிருந்த கோப்பு ஒன்றைத் தூக்கிச் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிமேல் எறிந்தார். கோப்பிலிருந்த தாள்கள் பொதுமக்கள்மேல் பூமாரியாகப் பொழிந்தன. காலஞ்சென்ற என் மனைவியின் பெயரிலிருந்த காணியை மாற்றுவதற்காக ஆறாவது தடவையாக அங்கே போயிருந்த என் மடியிலும் மூன்று தாள்கள் விழுந்தன. அந்த அலுவலகத்திலிருந்து அதுவரை என் கைக்குக் கிடைத்த தாள்கள் அவைதான்.

பிறகு சிவகௌரி கொண்டையை அவிழ்த்துவிட்டு, தடித்த ஆண்குரலில் கேட்டார்:

"எங்கையடா என்ரை வீடு?"

அலுவலகத்தில் வேலை நின்றுபோனது என்று எழுதலாம். ஆனால் அங்கே வேலை நின்றதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

ஊரறிந்த விடயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளையில் மூன்று பேர் வேலை செய்யவேண்டும். இரண்டு கதிரைகள் நாலு வருடமாக வெறுமையாக இருந்தன. மூன்று பேரின் கோப்புகளையும் சிவகௌரி ஒருவரே வீட்டுக்குச் சுமந்துபோய், விடிய விடிய எழுதி முடித்துச் சுமந்து வந்தார். அன்றே ஆஸ்பத்திரி டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தது இரண்டே வரி: "மூன்று கிழமையாக நித்திரை இல்லை. பதினான்கு நாள் பூரண ஓய்வு எடுத்து, திரும்ப என்னிடம் வரவும்."

நிருவாக உத்தியோகத்தர் தியாகலிங்கம் அந்த மருத்துவத் துண்டுச்சீட்டை இரண்டு தடவை வாசித்தார்.

"லீவு தரேலாது, பிள்ளை. உமக்குப் பதிலா ஒராள் வேணும்."

"ஆர் சேர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. அதாலைதான் தரேலாது."

"எனக்குச் சுகமில்லை, வருத்தம் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறா."

"மன வருத்தம் எண்டு எழுத்திலை ஏறினா மருத்துவச் சபைக்கு அனுப்போணும். அவை தகுதியில்லை எண்டு எழுதினா உம்மடை வேலை போச்சு. ரெண்டு பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு என்ன செய்வீர்?"

"வருத்தமில்லை, நான்தான் எறிஞ்சனான் எண்டு சொன்னா?"

"ஒழுக்காற்று விசாரணை. அதிலையும் வேலை போகும்."

"அப்ப என்ன சேர் செய்யிறது?"

தியாகலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "பேய் எண்டா ஒரு பிரச்சினையும் இல்லை. விதிக்கோவையை முழுக்கப் பார்த்திட்டன். பேயைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பேய் பிடிச்ச உத்தியோகத்தர் முழுச் சம்பளத்தோடை கடமையிலை இருக்கலாம்."

"பேயை ஓட்டினாப் பிறகு லீவு தருவியளோ?"

"பேய் போனாப் பிறகு நீர் நல்ல சுகமல்லோ? சுகமான ஆளுக்கு ஏன் லீவு?"

இவ்வாறாக, பேயோட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

அரச அலுவலகத்தில் ஒரு குழாய்க்கிணறு திறப்பதென்றாலே சகல மதங்களின் ஆசியும் வேண்டும். பேயோட்டுவதற்கு வேண்டாமா? ஏழு பேர் கொண்ட ஏற்பாட்டுக்குழு அமைந்தது. வாசலில் பனர் தொங்கியது: "ஆவி அகற்றும் சர்வமத வைபவம்." அதில் பணிப்பாளர் ஜெயசுதனின் படம் ஆளுயரத்திலும், சிவகௌரியின் படம் முத்திரையளவிலும் இருந்தன. பேயின் படம் கிடைக்காதபடியால் ஒரு கறுப்பு நிழலுருவத்தைப் போட்டு, கீழே "சிறப்பு அதிதி" என்று அச்சடித்துவிட்டார்கள்.

பூசாரியார் வேப்பிலையோடு வந்தார். பாஸ்ரர் ஐசாக் சொந்தமாக மைக் கொண்டுவந்தார். மௌலவி அப்துல் மஜீத் ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார். பிக்கு வர வசதிப்படாததால் அவருடைய கதிரைக்கு வெள்ளைத்துணி விரித்து, அந்தக் கதிரையை வரவேற்றார்கள்.

மூவரும் சிவகௌரியோடு ஐந்து நிமிடம் கதைத்தார்கள். பிறகு தங்களுக்குள் கதைத்தார்கள். பிறகு மௌலவி வந்து சொன்னார்:

"சேர், நாங்கள் மூண்டு பேரும் ஒரே முடிவுதான். பிள்ளை நித்திரை கொள்ளவேணும். டொக்டர் சொன்னபடி செய்யுங்கோ."

தியாகலிங்கம் நெகிழ்ந்துபோனார். "மூண்டு மதமும் ஒரு விசயத்திலை ஒத்துப்போறது இந்த நாட்டுக்கு எவ்வளவு பெரிய விசயம்! எண்டாலும் ஐயா, பனர் அடிச்சாச்சு."

பணிப்பாளர் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தார். மாலை போட்டார்கள். விளக்கேற்றினார்கள். "பேய்களற்ற பிரதேசம், பெருமைமிகு எதிர்காலம்" என்ற தலைப்பில் அவர் நாற்பது நிமிடம் பேசினார். முகநூல் நேரலையைக் கனடாவிலிருந்து எங்கள் ஊர்ச்சனம் நாலாயிரம் பேர் பார்த்து இதயம் போட்டார்கள். அதன்பிறகுதான் பூசாரியாருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள்.

"ஆர் நீ?"

சிவகௌரியின் தலை சுழன்றது. அதே ஆண்குரல் வந்தது. "வைத்திலிங்கம்."

"ஏன் இஞ்சை வந்தனி?"

"கடிதம் போட்டவை."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"வீடு கேட்டு ஏழு வருசத்துக்கு முந்தி விண்ணப்பம் குடுத்தனான். பார்த்துப் பார்த்துச் செத்தும் போனன். செத்து ஆறு மாசத்தாலை கடிதம் வந்தது, 'நேரில் சமூகமளிக்கவும், இறுதி அறிவித்தல்' எண்டு. இறுதி அறிவித்தல் எண்டா மதிக்கத்தானே வேணும்? வந்திருக்கிறன்."

தியாகலிங்கம் ஓடிப்போய்க் கடிதப் பதிவேட்டைப் புரட்டினார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"சேர், ஆளை ஓட்டேலாது. நாங்கள் கூப்பிட்டுத்தான் வந்திருக்கிறார். முறைப்படி அவர் சேவை பெறுநர்."

பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "ஐயா, அடையாள அட்டை கொண்டந்தனீங்களோ?"

"செத்தவுடனை பிள்ளையள் திருப்பிக் குடுத்திட்டினம்."

"அப்ப உயிரோடை இருக்கிறதுக்குக் கிராம சேவையாளரிட்டை ஒரு கடிதம்..."

பேய் அவரை ஏற இறங்கப் பார்த்தது. "உங்களிட்டை இருந்தா ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்."

கனடா கைதட்டியது. பணிப்பாளர் கமராவைப் பார்த்தார். கமரா பணிப்பாளரைப் பார்த்தது. பேனை வந்தது. ஏழு வருடக் கோப்பு நாலு நிமிடத்தில் கையெழுத்தானது.

"நன்றி" என்றது பேய். மறுகணம் சிவகௌரி அப்படியே தரையில் சாய்ந்து நித்திரையாகிப்போனார். பார்க்கவே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. பாஸ்ரர் மைக்கை நிறுத்தினார். மௌலவி தன் சால்வையை மடித்து அவரது தலைக்கு வைத்தார். பதினொரு நிமிடம் கழித்துத் தியாகலிங்கம் வந்து தட்டி எழுப்பினார். கோப்பை முடிவுறுத்திக் குறிப்பெழுத வேண்டியது சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரின் கடமையாம்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலக வாசலில் அறுபது பேருக்குமேல் திரண்டுவிட்டார்கள். பெண்கள் தலையை விரித்திருந்தார்கள். தலைமயிர் அறவேயில்லாத இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர், இருந்த தலையை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தார். வாசல் படலையடியில் ஒருத்தி வேப்பிலைப் பிடி விற்றாள். "அண்ணை, வரிசையிலை நிண்டு ஆடுங்கோ" என்று பின்னாலிருந்து ஒருவர் என்னைக் கண்டித்தார். அவர் சொன்னது நியாயம்தான்.

எட்டரைக்குப் புதிய பெயர்ப்பலகை ஒன்றை மாட்டினார்கள்: "ஆவிகள் மற்றும் துரித சேவைகள் பிரிவு." அந்தத் துறையில் முன்னனுபவம் உள்ள ஒரே உத்தியோகத்தர் என்ற தகுதியின் அடிப்படையில், பொறுப்பு சிவகௌரிக்கு வழங்கப்பட்டிருந்தது.

அவர் வெளியே வந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன. கொண்டை ஒழுங்காகக் கட்டியிருந்தது. குரலும் அவருடைய சொந்தக் குரல்தான்.

"பணிப்பாளரிட்டைக் கேட்டுப்பாத்தன். இண்டைக்குப் பேய் ஒண்டும் வராட்டி அந்தப் பதினாலு நாளும் தரலாம் எண்டு சொல்லிப்போட்டார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். உண்மையாப் பேய் பிடிச்சவை மட்டும் நில்லுங்கோ. மற்றவை தயவுசெய்து வீட்டை போங்கோ. நானும் போய் ஒருக்காப் படுக்கிறன்."

முற்றத்தில் ஆட்டம் நின்றது. அந்தப் பிள்ளை எத்தனை நாளாக நித்திரை இல்லாமல் இருக்கிறாள் என்பது அங்கு நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். அதிபர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்தேன்.

"பாவம் பிள்ளை" என்றார் அதிபர்.

"ஓம், சரியான பாவம்" என்றேன் நான்.

பிறகு இருவரும் திரும்ப ஆடத் தொடங்கினோம்.