குட்டைக்கு ஒரு 'முன்' படம்

வயலில் பெய்யும் மழையை வயலிலேயே நிறுத்துவது வரப்பும் குட்டையும்தான் என்று உலகம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. அது அறியாமை. நிறுத்துவது கோப்பு. எதையும் நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. திருவண்ணாமலையில் ஒரு மாடியில் இயங்கிய 'மண்-நீர் மேன்மை மைய'த்துக்குப் போய்வந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பச்சையம்மாள் ஏழு முறை போய்வந்தாள்.

அவளுடையது சரிவான ஒன்றரை ஏக்கர் செம்மண். ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் கரைந்து ஓடைக்குப் போய்விடும். இரண்டு வாரம் வெயிலடித்தால் வேர்க்கடலை வாடும். தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டித் தரும்படி மனு கொடுத்தாள். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் அறிவுமதி மிகவும் அன்பானவர். அவளை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மண்ணின் பெருமையை முக்கால் மணி நேரம் அவளுக்கே விளக்கினார். பிறகு நிலத்தை அளக்க ஆள் வந்தது. அளந்ததைச் சரிபார்க்க ஆள் வந்தது. சரிபார்த்தவரைப் பாராட்ட ஒரு கூட்டம் நடந்தது. தொடக்க விழாவுக்குக் குறித்த நாள் பௌர்ணமியாகப் போனதால், கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி மையத்தின் வண்டி வெளியே வர முடியவில்லை. விழா 'இனிதே ஒத்திவைக்கப்பட்டது'.

சித்திரை முடிந்ததும் பச்சையம்மாளும் அவள் கணவன் அப்பாசாமியும் மண்வெட்டியை எடுத்தார்கள். நாற்பது நாள் வெட்டினார்கள். செம்மண்ணில் தண்ணீர் தங்காது என்பதால் ஏரிக் களிமண்ணைக் கொண்டுவந்து அடியில் கொட்டி மிதித்தார்கள். தோண்டிய மண்ணைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பாகப் போட்டார்கள். இவ்வளவையும் ஒரு கூட்டம்கூட நடத்தாமல் செய்துமுடித்தது வருந்தத்தக்கது.

ஆடியில் நல்ல மழை. மண் கரையவில்லை, குட்டை நிறைந்தது. ஆவணியில் இருபது நாள் சொட்டுகூட இல்லை. கடலை விழுது மண்ணில் இறங்கிக் காய்பிடிக்கும் பருவம். மதியமானால் இலைகள் சுருண்டுகொண்டன. குட்டையில் தண்ணீர் இருந்தது. அதை மேட்டுக்கு ஏற்றத்தான் என்ஜின் இல்லை. இருவரும் குடத்தில் மொண்டு ஊற்றியதில் நாலு வரிசைதான் நனைந்தது. மையத்தின் டீசல் என்ஜினை இரண்டு நாளைக்குக் கேட்டாள். விதியில் இடமில்லை என்றார் அறிவுமதி, உண்மையான வருத்தத்தோடு.

அந்த வாரமே குட்டைக்கு அனுமதி வந்துவிட்டது. கேமராவோடு வந்த அறிவுமதி, நிறைந்த குட்டையைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்தார். பிறகுதான் முகம் வாடியது.

"என்னம்மா, தண்ணி நிக்குது?"

"மழ பேஞ்சுது சார்."

"திட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியேவா?"

பச்சையம்மாள் குற்றவாளிபோலத் தலைகுனிந்தாள். எந்தப் பணிக்கும் 'முன்', 'பின்' என இரண்டு படங்கள் வேண்டும் என்று அவர் விளக்கினார். 'பின்' இப்போது கிடைத்துவிட்டது. 'முன்' இல்லாவிட்டால் கோப்பு செத்துவிடும். ஆகவே குட்டையைக் காலி செய்ய வேண்டும். அப்பாசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையை அழுத்தினாள். அவள் பார்வை வாடிய கடலைமேல் இருந்தது.

"காலி பண்ணிடலாம் சார். என்ஜின்தான் இல்ல."

"நம்மகிட்ட இருக்குதும்மா. 'முன்' படத்துக்குன்னா விதியில இடம் இருக்குது."

"தண்ணிய எங்க சார் வுடறது?"

"அது உங்க இஷ்டம். படத்துல தெரியக்கூடாது, அவ்ளோதான்."

மறுநாள் காலை டீசலோடு என்ஜின் வந்தது. இரண்டு பகல் ஓடியது. முழங்கால் சேற்றில் நின்று பச்சையம்மாள் வரிசை வரிசையாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். சிரிப்பு வந்தபோதெல்லாம் குனிந்துகொண்டாள். அறிவுமதி வரப்பில் குடைபிடித்து நின்று, இன்னும் வேகமாக இறைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் இலைகள் நிமிர்ந்தன. காலிக் குட்டையில் 'முன்' படமும் எடுக்கப்பட்டது. பத்து நாளில் மறுபடி மழை.

அந்த வருஷம் செடிக்குச் செடி காய் கொத்தாக வந்தது. திருவண்ணாமலை மண்டபத்தில் சாதனை விழா நடந்தது. மேடையில் இரண்டு படங்களும் ஆளுயரத்துக்கு நின்றன. மண்ணையும் நீரையும் மையம் எப்படிக் காத்தது என்று பேசிமுடித்த அறிவுமதி, மைக்கைப் பச்சையம்மாளிடம் கொடுத்து, மையம் செய்ததை அவள் வாயாலேயே சபைக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

அவள் படங்களை நிதானமாகப் பார்த்தாள்.

"அந்த நெறஞ்ச குட்ட, நாங்க வெட்டனது, மழ ரொப்பனது. பக்கத்துல காலியா இருக்குது பாருங்க, அது மட்டும் சார் பண்ணதுங்க."