ஏப்பம் வரல

எங்கூட்டுக்காரரு, தான் சாவறதுக்குள்ள வூட்டை சுத்தம் பண்ணிட்டுப் போயிடணும்னு முடிவு பண்ணாரு. ஐப்பசி மழை அப்போ. காலை வுட்டுக்கினு நெய்யற தறிக்குழியில ஈரம், சுவத்துல பூஞ்சை, நூலெல்லாம் நமுத்துக்கினு, தெருவே இழவு வூடு மாதிரி கெடந்திச்சி. இவரு மட்டும் கையில ஆப்ப சோடா டப்பாவோட சுத்திக்கினு இருந்தாரு.

அவரு பேரை நான் சொல்ல மாட்டேன். கோயில்ல சொல்றோமே அஞ்செழுத்து, அதான் பேரு. ஊரே சாமி முன்னாடி வாய் விட்டுக் கூப்புடுது, நான் மட்டும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வாய மூடிக்கினு நிக்கறேன்.

எல்லாம் அந்த போன் பண்ண வேலை. அதுல வர்ற வீடியோவுல ஒரு ஆளு சோடாவப் பத்தியே பேசறான். சிங்க்ல சோடா, செருப்புல சோடா, ஃபிரிட்ஜ்ல ஒரு கிண்ணம் சோடா. தறிக்குழி நாறுதுன்னு அதுலயும் அள்ளிப் போட்டாரு. என் பல் செட்டை சோடாத் தண்ணியில ஊறப்போட்டுட்டு எங்க வெச்சோம்னு மறந்துட்டாரு, நான் கஞ்சி குடிச்சிக்கினு கெடந்தேன். பிரதோஷத்துக்கு ஊறவெச்ச கொண்டக்கடலையில, சீக்கிரம் வேவட்டும்னு ஒரு பிடி போட்டாரு. குக்கரைத் தொறந்தா கடலையக் காணும், களி இருக்குது. அதையே கொண்டும்போய்ப் படைச்சேன். நந்தி ஒண்ணியும் சொல்லல. பக்கத்து வூட்டு எல்லம்மாதான் சொன்னா. அவ எம்பையன் கல்யாணத்துலயே ரசத்தைக் குறை சொன்னவ. அது வேற கதை, இப்ப வேணாம்.

வூட்டோட வுட்டிருந்தா நானும் வுட்டிருப்பேன். இவரு அதைக் குடிக்க ஆரம்பிச்சாரு.

கொஞ்ச நாளாவே தறிக்குழியிலேர்ந்து மேல ஏறுறப்போ நெஞ்சைப் புடிச்சிக்கினு நிப்பாரு. அந்த மழைக் குளுருலயும் கழுத்தெல்லாம் வேர்வை. கேட்டா கேஸுன்னுவாரு. நான் நம்ப மாட்டேன். ஏன்னா அவரு அண்ணனும் இப்பிடித்தான் நின்னாரு, கேஸுன்னுதான் சொன்னாரு. ஒரு நாளு தறியிலேர்ந்து எழுந்து, மூஞ்சி கழுவி, தல வாரிக்கினு, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாரு. வர்றப்போ வண்டியில படுத்துக்கினு வந்தாரு. சீப்பு ஜேபியிலயே இருந்திச்சி.

அதுலேர்ந்து ஆஸ்பத்திரின்னாலே இவருக்கு ஆவாது. மருமவ இளவரசி கெஞ்சிப் பாத்தா. பையன் கதிர்வேலு கார் எடுத்துக்கினு வந்து வாசல்ல நிறுத்திப் பாத்தான். இவரு அந்தக் கார் சீட்டுலயும் சோடாவத் தூவி, நாத்தம் போவும்னுட்டு உள்ள வந்துட்டாரு.

கடைசியா நானே கேட்டேன்.

"ஒரு தடவ டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமே."

"இன்னாத்துக்கு? கச்சாப் பட்டுல பசை இருக்குதில்ல, அதை இன்னா பண்றோம்? சோப்பும் சோடாவும் போட்டு வேக வெக்கறோம். பசை போவுது, பட்டு மினுக்குது. நெஞ்சுல இருக்கறதும் பசைதான்."

"அது சலவை சோடாங்க. இது ஆப்ப சோடா."

"ரெண்டும் அக்கா தங்கச்சி."

"வேக வெச்சா பட்டு எடையில கால் பாகம் போயிடும். உங்ககிட்ட போறதுக்கு இன்னா இருக்குது?"

தான் போயிட்டா எந்த வேட்டி கட்டணும்னு இளவரசிகிட்ட சொல்லப் போயிட்டாரு. பாவம் அது, புள்ளைக்கு டிபன் கட்டிக்கினே தலையாட்டிச்சி. நான் அடுப்பு முன்னாடி உக்காந்து அழுதேன். அழுதா காதுல போட்டுக்கற மனுஷன் இல்ல அவரு.

தெனம் காலையில அந்த வீடியோவப் போட்டு வெச்சிக்கினுதான் குடிப்பாரு. நான் சட்னி அரைச்சிக்கினே கேட்டுக்கினு இருப்பேன். ஒரு நாளு மிக்ஸிய நிறுத்தினப்போ அந்த ஆளு கடைசியா சொன்னது காதுல வுழுந்திச்சி. வெறும் வயித்துல சோடாத் தண்ணி குடிங்க, ஏப்பம் வந்தா வயிறு நல்லா இருக்குதுன்னு அர்த்தம், வரலன்னா ஒடனே டாக்டரைப் பாருங்க. இவருக்குத்தான் குடிச்ச ஒடனே தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி வந்துடுமே. அதனால அந்தக் கடைசிப் பேச்சு மத்தவங்களுக்குன்னு நெனச்சிக்கினு இருந்தாரு.

பாவு நூலுக்குக் கஞ்சி போட வெச்சிருந்த அரிசி மாவு வூட்டுல இருந்திச்சி. நைசா சலிச்சி, ஒரு சிட்டிகை உப்பு கலந்து, சோடாவக் கொட்டிட்டு டப்பாவுல அதை ரொப்பினேன். லோட்டாவுல கலக்கிக் குடுக்கறது நான்தான். அவரு கண்ணை மூடிக்கினு ஒரே மடக்குல குடிக்கறவரு.

குடிச்சாரு. திண்டுல சாஞ்சாரு. ஏப்பத்துக்குக் காத்துக்கினு இருந்தாரு.

வரல. வயித்தைத் தடவினாரு. எழுந்து கூடத்துல நடந்தாரு. இன்னொரு லோட்டா கேட்டாரு, கலக்கிக் குடுத்தேன். அதுவும் கம்முனு உள்ள போயி உக்காந்துக்கிச்சி. நேரம் பாத்து எல்லம்மா கறிவேப்பிலை கேட்டுக்கினு வந்தா.

"இன்னா நமச்சிவாயம்ணே, இன்னிக்கு சத்தமே காணும்?"

அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அந்த மூஞ்சியப் பாத்ததும் உண்மையச் சொல்லிடலாம்னு எனக்கு வாய் வரைக்கும் வந்திச்சி. முழுங்கிட்டேன்.

"வடிவு," ன்னாரு. குரலே எழும்பல. "வயிறு நின்னு போச்சு. கதிர்வேலக் கூப்புடு."

போறப்போ தல வாரிக்கலாமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். சீப்பை எடுத்து என் இடுப்புல சொருகிக்கினேன்.

ஆஸ்பத்திரியில வயித்தை யாரும் தொடல. நெஞ்சுல ஒயரை ஒட்டிப் பாத்தாங்க, ஒடனே உள்ள தள்ளிக்கினு போயிட்டாங்க. பெரிய அடைப்பாம். கம்பிக் குழாய் மாதிரி ஒண்ணு வெச்சாங்க. இன்னும் கொஞ்ச நாளு வுட்டிருந்தா தறிக்குழியிலயே வுழுந்திருப்பாருன்னு டாக்டரு சொன்னாரு. அவரு அண்ணன் நடந்து போன அதே வராண்டாவுல, இடுப்புல குத்துற சீப்போட நான் உக்காந்துக்கினு இருந்தேன். அன்னிக்கி வாயத் தொறந்து அந்த அஞ்செழுத்தைச் சொன்னேன். யாரும் பக்கத்துல இல்ல.

கார்ல உக்காந்துதான் வந்தாரு. வந்ததும் தெருவே கூடிக்கிச்சி. இவரு கட்டில்ல சாஞ்சிக்கினு பேசறாரு. பையன் காரைக் கொண்டாந்தானாம், மருமவ கெஞ்சினாளாம், பொண்டாட்டி அழுதாளாம், ஒண்ணும் வேலைக்காவலியாம். ஒரே ஒரு ஸ்பூன் சோடாதான் கண்டுபுடிச்சி உசுரைக் காப்பாத்திச்சாம். எல்லம்மா தலையாட்டறா. இளவரசி என்னைப் பாக்கறா, நான் சுவத்தைப் பாக்கறேன்.

சோடாவும் ஒரு உப்புதான், நெஞ்சுக்கு ஆவாது, இனிமே தொடக்கூடாதுன்னு டாக்டரு கண்டிச்சிருந்தாரு. மாத்திரைய ஒழுங்கா முழுங்கறாரு. வேட்டிப் பேச்சை வுட்டுட்டாரு. ஆனா அடுத்த வாரம் செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்குறாங்களேன்னு நேத்து மெதுவா ஆரம்பிச்சேன். மறுபடியும் அந்த வராண்டாவான்னு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

"நல்லா இருக்குறவன் இன்னாத்துக்குமா போவணும்? அன்னிக்கிக் காலையில ஒரே ஒரு லோட்டா சோடா கலக்கிக் குடு. ஏப்பம் வரலன்னா வரேன்."

சரிங்கன்னுட்டு, மாவுக்கு அரிசி ஊற வெக்க எழுந்து போனேன்.